எரிக்கச் சொன்ன கடிதங்கள்

அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவளுடைய சிநேகிதி ஒரு துணிப்பையை என் கையில் திணித்தார். உள்ளே நீலநிற இன்லண்ட் கடிதங்கள். சணல் கயிற்றால் கட்டியிருந்தது. இருவரும் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி ஒன்றாகப் படித்தவர்கள். திருமணத்துக்குப் பிறகு அம்மா அவருக்கு எழுதிய கடிதங்கள் அவை. "படிக்கணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. என்கிட்ட இருந்தா என் மருமக பழைய பேப்பர்க்காரன்கிட்ட போட்டுருவா" என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறிவிட்டார். அவரை நான் சிறு வயதிலிருந்தே அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அப்பா அன்றிரவே கேட்டார். "அந்தக் கட்டை எங்கிட்ட கொடும்மா. நம்ம வீட்டு விஷயம் வெளிய கிடக்க வேண்டாம்." கோபமாகக் கேட்கவில்லை. அழுது ஓய்ந்த குரலில்தான் கேட்டார். நான் பிறகு தருகிறேன் என்றேன். மூன்று மாதம் கழித்து முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து புறப்பட்டபோது அந்தப் பை என் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் பூட்டி வைக்க எனக்கென்று ஓர் இடம் இல்லை என்பதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் அப்போது இல்லை. படிக்கவும் இல்லை.

அந்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து யார்க்‌ஷயரில் உள்ள ஹாவர்த் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். பிராண்டி சகோதரிகள் வாழ்ந்த ஊர். இருபது பேர்போல இருந்தோம். பாதிப்பேர் என்னைப்போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கல் பாவிய செங்குத்தான கடைத்தெருவில் ஏறிப்போனால் மேலே தேவாலயம், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், அதற்கும் பின்னால் பாதிரியார் வீடு. வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத மேட்டுநிலம். அந்த மேட்டில் உள்ள டாப் விதன்ஸ் என்ற இடிந்த பண்ணைவீட்டை, 'உதரிங் ஹைட்ஸ்' நாவலில் வரும் வீடு என்று நம்பி உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள். வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய எழுத்துகூட இருக்கிறது. ஆனால் அந்த இடிபாட்டின் சுவரில் பிராண்டி சங்கமே 1964இல் ஒரு கல்வெட்டுப் பதித்திருக்கிறது. இந்தக் கட்டடம் முழுசாக இருந்த காலத்திலும் நாவலில் வரும் வீட்டைப்போல இருந்ததில்லை என்பது அதன் சாரம். அதைப் படித்துவிட்டும் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

வீடு 1928 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நுழைந்தவுடன் ஒரு பக்கம் தந்தை பாட்ரிக்கின் படிப்பறை. மறுபக்கம் சாப்பாட்டு அறை. மூன்று சகோதரிகளும் உட்கார்ந்து எழுதிய மேசை அங்கேதான் இருக்கிறது. இரவில் வேலையெல்லாம் முடிந்த பிறகு மூவரும் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே தாங்கள் எழுதுவதைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். 1847ஆம் ஆண்டு அக்டோபரில் சார்லட்டின் 'ஜேன் அயர்', டிசம்பரில் எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'ஆக்னஸ் கிரே'. ஒரே மேசை, ஒரே ஆண்டு, மூன்று நாவல்கள். அதற்கடுத்த ஆண்டு செப்டம்பரில் சகோதரன் பிரான்வெல் செத்துப்போகிறான். டிசம்பரில் எமிலி, முப்பது வயதில். 1849 மே மாதம் ஆன், இருபத்தொன்பது வயதில். அதன்பிறகு சார்லட் மட்டும் தனியாக அந்த மேசையைச் சுற்றி நடந்தாள். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்க முடியாமல் வேலைக்காரப் பெண் மனம் வலித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சார்லட்டின் உடை இருந்தது. பக்கத்தில் காலணி, கையுறை. அந்த இடத்தில் நின்ற ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: எவ்வளவு சிறியது! இடுப்பு எவ்வளவு, உயரம் எவ்வளவு, பாதம் எவ்வளவு என்று கைவிரலால் கண்ணாடிமேல் அளந்து பார்த்தார்கள். நானும் என் செருப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த மூன்று பெண்களும் கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்ற, ஆணா பெண்ணா என்று சட்டெனச் சொல்ல முடியாத பெயர்களை எதற்காக வைத்துக்கொண்டார்கள்? பெண் எழுதியது என்று தெரிந்தால் எழுத்தை விட்டுவிட்டு எழுதியவளைப் பார்ப்பார்கள் என்ற பயத்தில். சார்லட்டே அதைப் பிற்பாடு பகிரங்கமாக விளக்கியிருக்கிறாள். எந்தப் பார்வையிலிருந்து ஒளிந்துகொண்டாளோ அந்தப் பார்வையின் முன்னால் அவள் இடுப்பளவு கண்ணாடிக்குள் தொங்குகிறது. நுழைவுச் சீட்டு வாங்கி நான் போய் நின்றது அதன் முன்னால்தான்.

எங்கள் ஆசிரியை இதை எதிர்பார்த்துத்தான் எங்களை அழைத்துப்போயிருக்க வேண்டும். முந்தைய வாரம் வகுப்பில் ஒரு கடிதத்தின் நிழற்படத்தைக் காட்டியிருந்தார். துண்டுதுண்டாகக் கிழிக்கப்பட்டு, பிறகு நூலால் தைக்கப்பட்ட கடிதம். காகிதத்தில் தையல் போட்டிருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதன் கதை இதுதான். சார்லட் 1842இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு பள்ளியில் படிக்கப் போனாள். மறு ஆண்டு அங்கேயே ஆசிரியையாக இருந்தாள். பள்ளியை நடத்தியவர் ஹெகர் என்ற பெண்மணி. அவருடைய கணவர் கான்ஸ்டன்டின் ஹெகர் அங்கே இலக்கியம் கற்பித்தவர். சார்லட்டின் எழுத்தை முதன்முதலில் மதித்துத் திருத்தியவர் அவர்தான். ஊர் திரும்பிய பிறகு 1844, 1845ஆம் ஆண்டுகளில் சார்லட் அவருக்குப் பிரெஞ்சு மொழியில் கடிதங்கள் எழுதினாள். பதில் வராத ஏக்கத்தில் எழுதிய கடிதங்கள். நான்கு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவர் அவற்றில் மூன்றைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அவர் மனைவி எடுத்து ஒட்டியும் தைத்தும் பத்திரப்படுத்தினார். கணவருக்கும் அந்த மாணவிக்கும் இடையே எதுவும் இல்லை, ஆசை ஒருபக்கம்தான் என்று காட்டுவதற்கான சாட்சியமாக வைத்துக்கொண்டார் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். கடைசிக் கடிதத்தின் ஓரத்தில் ஹெகர் ஒரு செருப்புத் தைப்பவரின் விலாசத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பெண் உயிரைக் கொடுத்து எழுதிய தாள் அவருக்குக் குறிப்பெழுதத் தோதான வெற்றுக் காகிதமாக இருந்திருக்கிறது.

சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் காஸ்கெல் பிரஸ்ஸல்ஸுக்கே போய் விசாரித்தவர். இந்தக் கடிதங்கள் அவருக்குத் தெரிந்தே இருந்தன. 1857இல் வந்த தன் நூலில் அவர் அதை மறைத்துவிட்டார். 1913இல் ஹெகரின் பிள்ளைகள் கடிதங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு 'டைம்ஸ்' நாளிதழில் அவை முழுசாக அச்சாயின. சார்லட் இறந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைப் படிக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் ஆசிரியை கேட்ட கேள்வி. அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டே விவாதித்தோம். இறந்தவர்களுக்கு அந்தரங்கம் கிடையாது என்றான் ஒருவன். அப்படியானால் உன் பாட்டியின் கடிதங்களைச் சுவரில் மாட்டுவாயா என்று சீனாவிலிருந்து வந்த மாணவி கேட்டாள். அவன் பாட்டி எழுத்தாளர் இல்லையே என்றான். எழுத்தாளர் என்றால் மட்டும் போர்வையை இழுத்துப் பார்க்கலாமா என்று அவள் விடவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. விடுதி அறையில் கட்டிலுக்கடியில் இருந்த துணிப்பைதான் என் ஞாபகத்தில் இருந்தது.

பேசாமல் இருந்தாலும் யோசித்தேன். அந்தரங்கம் என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சார்லட் 1854இல் தன் தந்தையின் உதவிப் பாதிரியாரான ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தாள். சில மாதங்களிலேயே அவர் ஒரு நிபந்தனை போட்டார். பால்யகால சிநேகிதி எலன் நஸ்ஸிக்குச் சார்லட் எழுதும் கடிதங்கள் ஆபத்தானவை, எலன் அவற்றை எரித்துவிடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இனி ஒவ்வொரு கடிதத்தையும் தானே படித்துத் தணிக்கை செய்து அனுப்புவேன் என்றார். சார்லட் இதைப் பாதி சிரிப்பாகத்தான் எலனுக்குத் தெரிவிக்கிறாள். ஆனால் உறுதிமொழியை வாங்கித்தரச் சொல்லியும் கேட்கிறாள். எலன் எழுதிக் கொடுத்தார். ஆனால் எரிக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 31ஆம் தேதி சார்லட் இறந்தாள், 38 வயதில். எலன் வைத்திருந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள்தான் காஸ்கெல் எழுதிய வரலாற்றுக்கு அடித்தளம். இன்றுவரை சார்லட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரு பெண் கொடுத்த வாக்கை மீறியதால் வந்தது.

எலன் செய்தது தவறா? வாக்கு கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எனக்கும் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் இந்த வாக்கு யாருக்குக் கொடுத்தது? சிநேகிதிக்கு அல்ல, அவள் கணவருக்கு. எதற்காகக் கொடுத்தது? கொடுக்காவிட்டால் சிநேகிதி இனி ஒரு வரிகூடச் சுதந்திரமாக எழுத முடியாது என்பதற்காக. கதவைப் பூட்டிக்கொண்டு நின்று வாங்கும் வாக்குக்கு நான் மதிப்புத் தரமாட்டேன். அதைவிட, நிக்கல்ஸ் காப்பாற்ற நினைத்தது சார்லட்டின் அந்தரங்கத்தையா, தன் வீட்டின் மானத்தையா? மனைவியின் கடிதங்களைத் தானே படிப்பேன் என்று மிரட்டுகிறவர் அந்தரங்கத்தின் காவலர் ஆக முடியாது. நம் வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம் என்ற வாக்கியத்தில் 'நம்' என்பது யாரைக் குறிக்கிறது என்று அப்பாவிடம் கேட்கத் தோன்றியது. அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆண்கள் மறைக்கிறார்கள், பெண்கள் காப்பாற்றுகிறார்கள் என்று இதை முடித்துவிட முடிந்தால் சௌகரியமாக இருக்கும். முடியாது. தங்கை ஆன் எழுதிய இரண்டாவது நாவல், குடிகாரக் கணவனிடமிருந்து குழந்தையோடு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை. 1848இல் வந்தது. ஆன் இறந்த பிறகு அதை மறுபதிப்புச் செய்ய வேண்டியதில்லை என்று சொன்னவள் சார்லட். தங்கையின் மென்மையான சுபாவத்துக்குப் பொருந்தாத கதை என்பது அவள் எண்ணம். எமிலியின் கவிதைகளையும் திருத்தித்தான் வெளியிட்டாள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தப் பாசத்தால் பல தலைமுறைகள் ஆனை அடக்கமான கடைக்குட்டியாக மட்டுமே பார்த்தன. ஸ்கார்பரோவில் அவள் கல்லறையில் வயதுகூடத் தப்பாகப் பொறித்திருக்கிறார்கள். செத்துப்போனவளின் நல்ல பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவள் பெண்ணாகவே இருந்தாலும், காப்பாற்றுவதற்கும் வாயை அடைப்பதற்கும் இடையில் உள்ள கோடு அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் சமையலறைக்குப் போக வேண்டும். எல்லோரும் சீக்கிரம் கடந்துவிடும் அறை அது. இப்போதிருப்பதும் அந்தக் காலத்தில் இருந்த அதே அறை என்று சொல்ல முடியாது. பின்னால் வந்த பாதிரியார் வீட்டை மாற்றிக் கட்டினார், அருங்காட்சியகம் பிறகு அதைப் பழையபடி அமைத்தது. மேசை தப்பியது, அடுப்பு தப்பவில்லை. எமிலி இங்கே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே எதிரில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து ஜெர்மன் மொழி படித்தாள் என்று காஸ்கெல் எழுதுகிறார். வருகிறவர்கள் அந்தச் சித்திரத்தைக் கேட்டு நெகிழ்கிறார்கள். எனக்கு அதே அடுப்படியில் முப்பது ஆண்டுகள் போல நின்ற டாபிதா அய்க்ராய்ட் என்ற டாபியைத்தான் பார்க்க வேண்டும் போலிருந்தது. தாயில்லாத அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். அந்த வட்டாரத்துப் பேய்க்கதையும் தேவதைக்கதையும் சொன்னவர். 'உதரிங் ஹைட்ஸ்' நாவலில் கதை சொல்லும் வேலைக்காரியின் குரலில் டாபியின் சாயல் இருக்கிறது என்று பலர் சொல்வதுண்டு.

1836 டிசம்பரில் டாபி பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வயதாகிவிட்டது, இனி வேலைக்கு ஆகாது, சகோதரி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டை நிர்வகித்த பெரியம்மா முடிவு செய்தார். பெண்கள் மூவரும் சாப்பிட மறுத்தார்கள். டாபியை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சம்மதிக்கும்வரை தட்டுகள் தொடப்படாமலே திரும்பிப் போயின. உண்ணாவிரதம் ஜெயித்தது. மற்ற வேலைகளோடு டாபியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் தலையில் விழுந்தது.

டாபி 1855 பிப்ரவரியில் எண்பத்துச் சொச்சம் வயதில் இறந்தார். சார்லட்டுக்குச் சில வாரம் முன்பு. அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய ஆயுள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1850இல் பெஞ்சமின் பாபேஜ் என்ற அரசு ஆய்வாளர் ஹாவர்த்தின் சுகாதாரத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். சாகிறவர்களின் சராசரி வயது 25 சொச்சம். குழந்தைகளில் நூற்றுக்கு 41 பேருக்கு மேல் ஆறு வயதுக்குள் இறந்தார்கள். சாக்கடை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிணம் புதைக்க இடமில்லை. நாங்கள் சாண்ட்விச் தின்ற கல்லறைத் தோட்டம் அதுதான். குடும்பத்தில் ஆனைத் தவிர மற்றவர்கள் தேவாலயத்துக்கு உள்ளே, கல்லறை அறையில். டாபி வெளியே, தோட்டத்தில், வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில். வேலைக்காரிக்குக் கல் நாட்டியிருக்கிறார்களே என்று சந்தோஷப்படலாம்தான். எனக்கு அந்தச் சில அடி தூரம் கண்ணை உறுத்தியது.

டாபி ஒரு கடிதம்கூட விட்டுப்போகவில்லை. அவரிடம் யாரும் எரிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை, படிக்க உரிமை உண்டா என்று விவாதிக்கவும் இல்லை. அந்தரங்கம் மீறப்படுவதற்குக்கூட ஒரு மேசையும் மையும் வேண்டும். சரி, டாபி கால் முறிந்த செய்தி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? 1836 டிசம்பர் கடைசியில் சார்லட் எலனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து. எலன் எரிப்பதாக எழுதிக் கொடுத்த கட்டில் இருந்தவற்றில் அதுவும் ஒன்று. எரித்திருந்தால் சார்லட்டின் அந்தரங்கம் தப்பியிருக்கும், கூடவே டாபியும் சாம்பலாகியிருப்பார்.

என் நிலைப்பாட்டை அது மாற்றியது. ஒரு பெண்ணின் கடிதத்தை அவளுடைய சொத்தாகவோ அவள் கணவரின் சொத்தாகவோ வாசகரின் சொத்தாகவோ மட்டும் நினைத்து நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கடிதத்துக்குள் வேறு ஆட்களும் வாழ்கிறார்கள். வேறெங்கும் எழுதப்படாதவர்கள். ஊருக்கு ஒரு சமையல்காரி, ஒரு பிரசவம், ஒரு கடன், ஒரு சாவு, அதெல்லாம் இப்படி யாரோ யாருக்கோ எழுதிய தாள்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெண்களின் வரலாற்றை எழுத நினைக்கும் எவரும் இந்த அத்துமீறலைச் செய்யாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அதற்காக எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம் என்று ஆகிவிடாது. ஹெகருக்கு எழுதிய நான்கு கடிதங்களைப் படிப்பது இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. படித்தேன். ஒரு பெண் தன் அறிவை மதித்த முதல் ஆளிடம் எப்படிக் கெஞ்ச வேண்டியிருந்தது என்பது தெரிந்தது. இடுப்பளவைப் பார்த்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டும் பார்ப்பதுதான். ஆனால் முதலாவதில் அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். இரண்டாவதில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. உடையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் மாணவிகளை அங்கே அழைத்துப்போக வாய்த்தால் மாடிக்கு முன்னால் சமையலறையில் அரைமணி நேரம் நிறுத்திவைப்பேன்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன்: கட்டு என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன், படித்தேனா என்றும் கேட்காதீர்கள். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அவ என்னப் பத்தி ரொம்ப மோசமா எழுதியிருப்பாளோ" என்றார் கடைசியில். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் அதுவரை ஒரு கடிதத்தையும் பிரிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அம்மா இதையெல்லாம் என்ன செய்யச் சொன்னாள் என்று கேட்டேன்.

"எரிச்சிருன்னு ரெண்டு தடவ எழுதினா. மூணாவது தடவ எழுதல" என்றார் அத்தை. பிறகு, "உங்க அம்மா கத மட்டுமா அதுல இருக்கு? எங்கதையும்ல இருக்கு. நான் எழுதினதுக்குத்தான அவ பதில் போட்டா. எங்கடுதாசிய அவ ஒண்ணுகூட வைக்கல. வைக்கதுக்கு அவளுக்கு எடமில்ல" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அத்தை உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்க, செத்துப்போன அம்மாவின் சம்மதத்தைப் பற்றியே நான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்களே படியுங்கள், நான் கேட்கிறேன் என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்த்தார். முதல் கடிதம் நான் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால் எழுதியது. மாமியார் வீட்டில் எட்டுப்பேருக்குச் சமையல், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டுவது, பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த பெண்ணின் குழந்தை மஞ்சள் காமாலையில் இறந்தது, அவளுக்கு நாலு நாள் கழித்துத்தான் கூலி கொடுத்தார்கள் என்பது. அத்தை ராகம் போடாமல் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் குரல் நின்றது. கண் மட்டும் கீழே ஓடியது. மூன்று நான்கு வரி இருக்கும். அதைத் தாண்டி மறுபடி ஆரம்பித்தார்.

நான் கேட்கவில்லை.